இரண்டு மணி நேர இடைவெளி

பெத்ரொசவோத்ஸ்க். ஒனேகா ஏரிக்கு மூன்று தெரு தள்ளி
இரவெல்லாம் விளக்கெரியும் மருந்துக்கடை.
அக்டோபர் முதல் வாரம், காளானின் கடைசி நாட்கள்.
உப்பில் போட்டு நாற்பது நாள் பொறுக்காமல்
நாலாம் நாளே தின்றுவிட்டவர்கள்
வயிற்றைப் பிடித்தபடி வரிசையில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய்மி யாகொவ்லெவ்னா.
இழுப்பறையில் என்ன என்று கேட்டால்
பூமியைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறோம் என்பாள்.

ஸ்மெக்டைட் என்று எழுதியிருப்பது களிமண்தான்.
அலுமினியமும் மெக்னீசியமும் சிலிக்கேட்டும்
ஏடு ஏடாக அடுங்கிக் கிடப்பதில்
கொஞ்சம் ஆரஞ்சு வாசனை,
குழந்தைகள் துப்பாமலிருக்க.

அந்த வெள்ளைப் பொடி? மணலுக்கு உறவு.
அதே சிலிக்கன், அதே ஆக்சிஜன்.
மணல் காலில் குத்தும், இது மூச்சு பட்டாலே பறக்கும்.
அதன் மேலெல்லாம் ஹைட்ராக்சில்,
பூனைக்கு ரோமம் போல.

("பசை வேண்டாம்மா, ருசியே இல்லை" என்கிறார்
மீன்பிடிக் கோட்டு போட்ட ஒருவர்.
சிலிக்கன் சங்கிலியில் மெத்தில் தொங்க
தண்ணீரைக் கட்டிப் பிடித்திருக்கும் பசை அது.
ருசிக்கு அதில் இடமில்லை.)

லிக்னின் பழுப்பு நிறம்.
மரம் நிமிர்ந்து நிற்க எது காரணமோ அது.
குனிந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிறாள்.

கடைசியில் கரி. எல்லாவற்றிலும் மலிவு.
பிர்ச் மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு
எண்ணூறு டிகிரி நீராவியில் துளைத்துத் துளைத்து
வெறும் கார்பனும் வெற்றிடமுமாக ஆக்கியது.
பிடித்து வைக்கக் கொஞ்சம் மாவுச்சத்து.
ஒரு கிராமைப் பிரித்து விரிக்க முடிந்தால்
நாலு டென்னிஸ் மைதானம்.

பஞ்சு போல உறிஞ்சும் என்று நினைக்கிறார்கள்.
இல்லை. தன் சுவரில் வந்து சாய்கிறவரை
சாய்ந்தபடியே வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
நஞ்சா மருந்தா என்று விசாரிக்காது.
சாராயத்தை மட்டும் ஏனோ கண்டுகொள்வதில்லை,
அதுதான் இந்த ஊரின் துரதிர்ஷ்டம்.

பத்து கிலோ எடைக்கு ஒரு மாத்திரை.
புத்தாண்டு இரவில் எல்வி ரெபோனென் ஆறு வாங்கிப் போனாள்.
ட்ராலிபஸ் ஓட்டுகிறவள். ஹெர்ரிங் மீன் சாலட்,
இரண்டாம் நாளும் அதே சாலட், மூன்றாம் நாளும்.
மூன்று நாளும் கரி.
தினமும் ஒன்பது மணிக்கு அவள் போடும்
பிள்ளை வேண்டாம் மாத்திரையும் அதே ஒன்பது மணிக்கு.

இரண்டு மணி நேரம் விட்டுப் போடு என்று
சொல்லியிருக்க வேண்டும்.
அன்று கதவு பனியில் மாட்டி மூடவில்லை,
தாய்மி கதவோடு போராடிக்கொண்டிருந்தாள்.

பழந்தமிழில் கரிக்குச் சாட்சி என்றும் பொருள்.
இந்தச் சாட்சி ஆதாரத்தை விழுங்கிவிட்டு
அடுத்த நாள் காலையே ஊரைவிட்டுப் போயிற்று.
கரிதான் காரணமா?
யாராலும் சொல்ல முடியாது.
தாய்மியின் முகத்தில் மட்டும் பூசியிருக்கிறது.

இன்று எல்வி வரிசையில் நிற்கிறாள்.
நெஞ்சோடு கட்டிய துணியில் ஒரு தொப்பி அசைகிறது.
"சதகுப்பைத் தண்ணீர் இருக்கிறதா? ராத்திரியெல்லாம் அழுகிறாள்."
எடுத்துக் கொடுக்கிறாள். சில்லறை எண்ணுகிறாள்.
எண்ணியதையே மறுபடி எண்ணுகிறாள்.
"நீங்கள் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்" என்கிறாள் எல்வி,
பஸ் தாமதம் என்று சொல்வது போல.

பழக்கத்தில் வாய் கேட்டுவிடுகிறது: "எடை?"
"மூன்று கிலோ நானூறு."
மனசுக்குள் கணக்குப் போட்டு
தாய்மி பாதியில் நிறுத்துகிறாள்.

அடுத்தவர் கரி கேட்கிறார்.
அவர் காது கேளாதவர் போலவும்
கடை ஒரு கிலோமீட்டர் நீளம் போலவும்
கண்ணாடிமேல் இரண்டு விரலை
அழுத்திக் காட்டுகிறாள்.
விரல் எடுத்த பிறகும் அங்கே
ஆவியில் இரண்டு வட்டம்.